வள்ளம் வாங்கிய காசு: ‘செம்மீன்’ ஒரு மறுவாசிப்பு

முதுகலை வகுப்பில் ‘செம்மீன்’ நாவலைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே தலைப்புகள்தான்: கடலம்மா தொன்மம், கற்பு, மதம் கடந்த காதல், துன்பியல் முடிவு. பெண்ணிய வாசிப்பு என்று வரும்போது கற்புக் கோட்பாட்டைக் கேள்வி கேட்பேன். ஆண் கடலில் பிழைத்து வருவது கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் கதையை யார் உண்டாக்கினார்கள், அதனால் யாருக்கு நன்மை என்று கேட்பேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். மணி அடிக்கும்.

ஓர் ஆண்டு, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் நின்றாள். “மிஸ், செம்பன்குஞ்ஞு வாங்குற வள்ளத்துல சக்கி போட்ட காசு எவ்வளவு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாவலை எத்தனையோ முறை வாசித்தவள் நான். அப்படி ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. “எதுக்கும்மா கேக்குற?” என்றேன். “எங்க வீட்டுல போன வருசம் வள்ளத்த வித்தாங்க மிஸ். அன்னிக்கே எங்கம்மா வேலையும் போச்சு” என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

1

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் வெளியானது. அடுத்த ஆண்டே சாகித்ய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 1962இல் தமிழுக்கு வந்தது. ராமு காரியாத் இயக்கிய படம் 1965இல் வந்து குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. படம் பார்த்தவர்களும் நாவல் படித்தவர்களும் நினைவில் வைத்திருப்பது கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும்தான். நிலவில் கேட்கும் பாட்டும் கரையொதுங்கிய இரண்டு உடல்களும் நம் மனதில் தங்கிவிட்டன.

ஆனால் நாவல் காதலோடு தொடங்கவில்லை. தன் அப்பன் வள்ளமும் வலையும் வாங்கப்போகிறான் என்று கறுத்தம்மா பரீக்குட்டியிடம் சொல்வதில்தான் தொடங்குகிறது. பணம் போதவில்லை, கொஞ்சம் கொடுப்பாயா என்று அவள் கேட்கிறாள். வள்ளம் வந்தால் மீனைத் தனக்குத் தருவாயா என்று அவன் கேட்கிறான். நல்ல விலை கொடுத்தால் தருவேன் என்கிறாள். சிரிப்பும் கூச்சமுமாக நடக்கும் இந்தப் பேச்சைக் காதல் காட்சியாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். அதில் இருப்பது ஒரு கடனும் ஒரு கொள்முதல் ஒப்பந்தமும். மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதும், படகுக்காரர் பிடித்த மீனை அவரிடமே போடுவதும் நம் கரைகளில் இன்றும் நடக்கும் வழக்கம். இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் விளையாட்டாகப் பேசி முடித்த அந்த ஒப்பந்தத்தின் சுமை கடைசிப் பக்கம்வரை அவள் தலையில்தான் இருக்கிறது.

செம்பன்குஞ்ஞுக்குச் சொந்த வள்ளம் இல்லை. அடுத்தவர் வள்ளத்தில் போய்ப் பங்கு வாங்கிப் பிழைக்கிறவன். வாழ்வில் அவனுக்கு ஒரே ஆசை சொந்தமாக வள்ளமும் வலையும். அவன் சேர்த்த பணம் என்று நாவலைப் படித்தவர்கள் சொல்வார்கள். நாவல் அப்படிச் சொல்லவில்லை. சக்கி தலையில் கூடை சுமந்து கிழக்கே போய் மீன் விற்கிறாள். கடலில் பாடு இல்லாத நாளிலும் வீட்டில் அடுப்பு எரிவது அவள் கூடையால். அவள் விற்று வந்த காசில் வீடு ஓடியதால்தான் அவன் பங்குக் காசு மிஞ்சியது. அவள் காசும் அதோடு சேர்ந்தது. அதன்பிறகும் குறைந்த தொகைக்குத்தான் பரீக்குட்டியின் கொட்டகையிலிருந்து இரவோடு இரவாகக் கருவாடும் பணமும் வருகின்றன.

ஆக, அந்த வள்ளத்தில் மூன்று பேர் காசு இருக்கிறது: செம்பன்குஞ்ஞுவின் பங்குக் காசு, சக்கியின் கூடைக் காசு, பரீக்குட்டியின் கடன். அந்தக் கடனும் கறுத்தம்மாவை நினைத்துக் கொடுத்த கடன். அப்படியானால் நாலாவது ஒருத்தியும் அதில் முதல் போட்டிருக்கிறாள். வள்ளம் மட்டும் ஒருவன் பெயரில்.

2

வள்ளம் வாங்குவதா, மகளுக்குக் கல்யாணம் செய்வதா என்ற வாக்குவாதம் அந்த வீட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் கல்யாணம் என்கிறாள் சக்கி. முதலில் வள்ளம் என்கிறான் அவன். கல்யாணப் பேச்சை இழுக்கிறவள் என்று சக்கியைப் பழமைவாதியாக வாசிப்பது எளிது. நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவன் பொருட்படுத்தவில்லை. கடன் கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான் என்பதே அது. மகள்மேல் அவன் வைத்த ஆசையை நம்பித்தான் கடன் கிடைத்தது. அதே ஆசை வெளியே தெரிந்தால் மகளின் வாழ்வு போய்விடும். கடலம்மா கதையைச் சொல்லி மகளை எச்சரிக்கிற தாயே இரவில் அவனுடைய கருவாட்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அவள் ஒழுக்கத்தைப் பேசுவதும் கடனை வாங்குவதும் ஒரே வள்ளத்துக்காக. சக்கியின் இந்த நெருக்கடியை நாவல் தெளிவாகவே எழுதியிருக்கிறது. காதலர்களையே பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

இந்த இடத்தில் சாதியையும் சேர்த்துப் பேச வேண்டும். அந்தக் கரையின் மரபுப்படி எல்லோரும் வள்ளம் வைத்துக்கொள்ள முடியாது. வலைக்காரன் என்ற பிரிவுக்குத்தான் அந்த உரிமை. செம்பன்குஞ்ஞு முக்குவன். அவன் வள்ளம் வாங்குவது சாதி விதித்த வேலியை உடைக்கும் செயல். அதனால் அவன் ஆசையை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பிறருக்காகத் துடுப்புப் போட்டே சாக வேண்டும் என்று சொல்லப்பட்ட ஒருவன் தனக்கென்று ஒரு மரம் வேண்டும் என்கிறான்.

ஆனால் கரையின் கோபம் எந்த வழியாக வெளிப்படுகிறது என்று பாருங்கள். நீ முக்குவன், உனக்கு எதற்கு வள்ளம் என்பதோடு கரை நிற்பதில்லை. வயதுக்கு வந்த மகளைக் கட்டிக்கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொண்டு வள்ளம் வாங்குகிறான் என்று பேசுகிறது. சாதிப் பொருமல் ஒரு பெண்ணின் உடல்மேல் ஏறிக்கொள்கிறது. அப்பனின் சாதி மீறலுக்கு மகளின் நடத்தை பதில் சொல்ல வேண்டியதாகிறது. சாதியையும் பாலினத்தையும் தனித்தனிப் பாடமாக நடத்தும் வகுப்புகளில் இது விட்டுப்போகிறது.

3

வள்ளம் வந்துவிடுகிறது. கண்டன்கோரனிடமிருந்து வாங்கிய வள்ளம். அது கரையேறும் நாளில் மூன்று முதலீட்டாளர்களுக்கும் என்ன கிடைத்தது?

பரீக்குட்டியிடம் ரொக்கம் இல்லை. அதனால் மீன் வேறு வியாபாரிக்குப் போகிறது. கடன் கொடுத்தவனுக்கே மீன் இல்லை. கூடையோடு வந்து நிற்கும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் கை விரிக்கப்படுகிறது. மொத்தமாகக் கொடுத்தால் கை நிறைய ரொக்கம் வரும்போது, சில்லறைக்கு வாங்கும் பெண்களோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? வள்ளத்தடியில் சிந்தும் மீனைப் பொறுக்க ஓடிவந்த சின்ன மகள் பஞ்சமியையே அவன் தள்ளிவிடுகிறான். ஒரு ஆள் பங்குக்காரனாக இருந்தவரை அந்த வீட்டுப் பெண்களுக்கும் கரைக்கும் உறவு இருந்தது. அவன் முதலாளியான அன்றே அது அறுகிறது. கூடை சுமந்து வள்ளத்துக்குக் காசு சேர்த்தவளின் தோழிகள் அந்த வள்ளத்தருகே வெறுங்கூடையோடு நிற்கிறார்கள்.

சக்கிக்குக் கிடைப்பது வேறொன்று. கண்டன்கோரனும் அவன் மனைவி பாப்பிக்குஞ்ஞுவும் சுகமாக வாழ்வதைப் பார்த்துவந்த செம்பன்குஞ்ஞு, நாமும் அப்படி வாழ வேண்டும், நீ உடம்பு தேறி அழகாக வேண்டும் என்கிறான். வெயிலில் கூடை சுமந்து கறுத்து மெலிந்த உடல்தான் அவனுக்கு வள்ளம் வாங்கிக் கொடுத்தது. வள்ளம் வந்தபின் அந்த உடல் போதவில்லை. சக்கி இறந்ததும் விதவையான பாப்பிக்குஞ்ஞுவை அவன் மணந்துகொள்கிறான். எந்த வீட்டு வள்ளத்தை வாங்கினானோ அந்த வீட்டுப் பெண்ணையும் கொண்டுவருகிறான். இதைக் கதைத் திருப்பம் என்று மட்டும் படித்தால் போதாது. சொத்து கைமாறும்போது பெண்ணும் அதன் பின்னாலேயே கைமாறுவதை நாவல் தன் நடுவிலேயே காட்டிவிடுகிறது.

கணக்கு வைத்திருந்தவள் ஒருத்தி மட்டுமே. அவள் கறுத்தம்மா. பரீக்குட்டியின் பணத்தைத் திருப்பிக் கொடு என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்பன் செவிசாய்ப்பதில்லை. ஆதரவற்றவனான பழனிக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். நல்ல கடலாளி, வரதட்சணை கேட்க ஆளில்லாதவன், அப்பனின் வள்ளங்களுக்கு உதவுவான் என்பது செம்பன்குஞ்ஞுவின் கணக்கு. கறுத்தம்மா கணவன் ஊருக்குப் போகும்போது அடைபடாத அந்தக் கடனும் அவளோடு போகிறது. பரீக்குட்டி தொழிலில் நொடித்துக் கரையில் திரிவது அவளைக் குற்றவாளியாக்குகிறது. அவள் நெஞ்சில் இருப்பதில் எவ்வளவு காதல், எவ்வளவு கடன்பட்டவளின் உறுத்தல் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது. காதல் காவியம் என்று பெயர் சூட்டியதால் அந்த உறுத்தலுக்கு நாம் இடமே கொடுக்கவில்லை.

4

கடலம்மா தொன்மத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அதன் வேலை துலங்கும். கடல்தொழிலில் முதல் போடுவது பெரிய சூதாட்டம். காற்று, சுறா, சுழி எதுவும் ஒரே நாளில் மரத்தையும் ஆளையும் விழுங்கும். அந்தக் காலத்தில் காப்பீடு கிடையாது. நட்டத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கடலைத் தண்டிக்க முடியாது. வள்ளக்காரனைக் குறைசொல்ல முடியாது. மிச்சமிருப்பவள் கரையில் இருக்கும் பெண். ஆண் திரும்பி வராவிட்டால் அவள் தவறியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பாடு கிடைத்தால் அது அவன் திறமை, கிடைக்காவிட்டால் அவள் பிழை. வருமானத்தில் பங்கு இல்லாதவளுக்கு நட்டத்தில் முழுப்பங்கு.

நம் கரைகளின் பங்கு முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிடித்த மீனை விற்றுச் செலவு போக மிஞ்சுவதைப் பிரிக்கும்போது போன ஆட்களுக்குப் பங்கு உண்டு. வள்ளத்துக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு, இன்ஜினுக்கும் பங்கு உண்டு. மரத்துக்கும் நூலுக்கும் இரும்புக்கும் பங்கு வைத்த முறை, அந்த இரும்பை வாங்க அடகுக்குப் போன தாலிச் செயினுக்குப் பங்கு வைக்கவில்லை. அதை முதலாக யாரும் எண்ணவில்லை. குடும்பத்துக்காகக் கொடுத்தது என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

தகழி இதையெல்லாம் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பார்த்து எழுதியதால்தான் இன்று நம்மால் இப்படி வாசிக்க முடிகிறது. என் மனத்தாங்கல் முடிவின்மேல்தான். பழனி தனியாகத் தூண்டிலோடு போன இரவில் கறுத்தம்மா பரீக்குட்டியோடு இருக்கிறாள். அவன் சுறாவோடு போராடிச் சுழியில் சிக்குகிறான். தொன்மம் சொன்னது அப்படியே பலிக்கிறது. சக்கியின் கூடையையும் அடையாத கடனையும் இவ்வளவு கவனமாக எழுதிவந்த கை, கடைசியில் கணக்கை மூடிவிட்டுக் கடலம்மாவிடம் தீர்ப்பைக் கொடுத்துவிடுகிறது. பழனி ஏன் அன்றிரவு தனியாகப் போனான்? அவனோடு ஒரே வள்ளத்தில் வர மற்றவர்கள் அஞ்சி ஒதுக்கியதால். அவனைக் கொன்றதில் கரைக்கு இருக்கும் பங்கை நாவல் தன் வழியிலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாசகர் மனதில் மிஞ்சுவது மனைவியின் பிழைதான்.

5

வாங்குவதைப் பற்றிய நாவல் ‘செம்மீன்’ என்றால், விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் இருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. வல்லங்களுக்கும் லாஞ்சிகளுக்கும் பகை முற்றிய ஒரு கரையில், வல்லத்தை விற்றுவிடு என்கிறான் மகன் செபஸ்தி. மறுக்கிறான் தகப்பன் குரூஸ் மிக்கேல். இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிலோமியின் காதலையும் மன்னிக்கும் மனதையும் கொண்டாடுவார்கள். எனக்கும் பிடித்த பெண் அவள். ஆனால் வல்லம் பற்றிய வழக்கு அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் நடக்கும் வழக்காக இருப்பதைக் கவனியுங்கள். பெண்ணுக்கு உணர்ச்சியும் ஆணுக்குச் சொத்தும் என்று நாவலும் விமர்சனமும் சேர்ந்தே பிரித்துக்கொண்டன. பிலோமியிடம் மன்னிக்கக் கேட்ட நாம், வல்லத்தை என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்கவில்லை.

இது பழைய நாவல்களோடு முடியும் விஷயம் இல்லை. பாக் நீரிணையில் இழுவைமடி போடும் விசைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடலுக்குப் போகும் சூரைமீன் தூண்டில் படகுகளை வாங்கும் திட்டம் 2017இல் வந்தது. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காடு மானியம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம். வங்கிக் கடன் 16 லட்சம், படகு உரிமையாளர் கையிலிருந்து 8 லட்சம். மூன்று ஆண்டுகளில் 2000 படகுகள் என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஏன் எட்டவில்லை என்று எழுதியவர்கள் கடன் சுமை, ஆழ்கடல் பயிற்சி, சூரைக்கான சந்தை என்று பலவற்றை எழுதினார்கள்.

இழுவைமடி நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது கடலின் அடியையே வாரிக்கொண்டு போகிறது. அக்கரையில் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவக் குடும்பங்களின் வலைகளையும் அறுக்கிறது. நான் கேட்பது வேறு. எந்தப் படகை வைப்பது, எதைக் கொடுப்பது, எதை வாங்குவது என்ற கணக்கில் பெண்ணின் வேலை ஒரு வரியாகவாவது இருந்ததா? இரவு போய்க் காலையில் திரும்பும் படகு கரைக்கு வந்தால் மீன் தரம்பிரிப்பதும் சங்காயம் காயவைப்பதும் கூடையில் எடுத்துப் போய் விற்பதும் பெண்களின் பிழைப்பு. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சூரையோடு திரும்பும் படகில் அவள் கூடைக்கு ஏறும் மீன் எது? அந்த 8 லட்சத்தில் எவ்வளவு அவள் நகை, எவ்வளவு அவள் பெயரில் எடுத்த குழுக்கடன்? கணவன் வாரக்கணக்கில் கடலில் இருக்கும்போது வங்கித் தவணைக்கு வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்பவள் யார்?

2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பயனாளிகளுக்கு 40 விழுக்காடு மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடுதல் மானியத்துக்காக அவள் பெயரில் படகு எடுத்து, டீசல் போடுவதிலிருந்து விற்பதுவரை முடிவை அவன் எடுத்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்? கடன் பத்திரத்தில் கையெழுத்து மிஞ்சும். சக்கியின் காசு இருந்தும் பெயர் இல்லை. இவளுக்குப் பெயர் இருந்தும் அதிகாரம் இல்லை.

6

அந்த மாணவியிடம் பிறகு விவரமாகக் கேட்டேன். வீட்டில் ஒரு ஃபைபர் படகும் ஒரு பழைய வள்ளமும் இருந்தன. வள்ளத்தை மராமத்துப் பார்க்க ஆசாரிக்கும் மரத்துக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. அதை விற்றுப் படகுக்குப் புது இன்ஜின் போடலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவெடுத்தார்கள். தொழில் கணக்கில் அது சரியான முடிவு என்றுதான் அவளும் சொன்னாள். ஆனால் வள்ளம் கரையோரம் போய்ச் சாளையும் காரலும் கொண்டுவந்தது. அவள் அம்மா அதை எடுத்து உள்ளூர்த் தெருக்களில் விற்றாள். படகு மீன் ஏலத்துக்குப் போய் வண்டியேறிவிடும். வள்ளம் போனபின் அம்மா ஏலக்கூடத்தில் ரொக்கம் கொடுத்து மீன் எடுக்கிறாள். ரொக்கத்துக்கு வட்டிக்கு வாங்குகிறாள். “சொந்தமா ரெண்டு மரம் வச்சிருந்த வீட்டுப் பொம்பள மிஸ்” என்றாள்.

“அம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா?” என்றேன்.

“அம்மா சொன்னாங்க. இன்ஜினுக்குச் செயின வேணா வாங்கிக்கோங்க, வள்ளத்த விக்காதீங்கன்னாங்க. செயினையும் வாங்கிட்டாங்க.”

இப்போது ‘செம்மீன்’ நடத்தும்போது முதல் நாள் கரும்பலகையில் இரண்டு பத்தி போடுகிறேன். யார் என்ன கொடுத்தார்கள், யாருக்கு என்ன கிடைத்தது. நாவலைப் படிக்கப் படிக்க மாணவிகள் அதை நிரப்புகிறார்கள். கூடைக் காசு, கருவாடு, கேலி, கல்யாணத் தாமதம், உறுத்தல் எல்லாம் முதல் பத்தியில் ஏறுகின்றன. முடிவை எட்டும்போது சக்கிக்கும் கறுத்தம்மாவுக்கும் எதிரே இரண்டாம் பத்தி காலியாக நிற்கிறது. அதன்பிறகுதான் கடலம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். போன முறை ஒரு மாணவி தன் வீட்டுக் கணக்கையும் அப்படி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அப்பாவுக்குக் கடல் இல்லை, லாரி. பத்திகள் அதேதான்.